கூப்பர் கப்பின் 6,464 கெஜம்: ஒரு வைட் ரிசீவரின் கணக்கைப் படிப்பது எப்படி

428 கேட்ச், 6,464 கெஜம், 73 டச்டவுன். கிழக்கு வாஷிங்டன் பல்கலைக்கழக அணிக்காக 2013 முதல் 2016 வரை, எறிந்த பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவராக ஆடிய கூப்பர் கப், கல்லூரியை விட்டுக் கிளம்பும்போது அவர் பெயருக்கு நேரே இருந்த கணக்கு இது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் முதல் பிரிவின் இரண்டாம் அடுக்கை எஃப்சிஎஸ் என்பார்கள். அந்த அடுக்கில் இந்த மூன்றுமே சாதனைகள். அவருக்கு முன் கேட்சிலும் கெஜத்திலும் முதலிடத்தில் இருந்தவர் ஈலோன் பல்கலைக்கழகத்தின் டெரல் ஹட்ஜின்ஸ்: 395 கேட்ச், 5,250 கெஜம். டச்டவுனில் நியூ ஹாம்ப்ஷயரின் டேவிட் பால், 58. சாதனைகள் பெரும்பாலும் மயிரிழையில்தான் முறியும். கப் கெஜக் கணக்கில் மட்டும் 1,214 தள்ளிப் போய் நின்றார். ஒரு நல்ல ரிசீவர் சீசன் முழுக்க ஆடிச் சேர்க்கும் தூரம் அது.

இத்தனைக்கும் அவர் வேகக்காரர் இல்லை. தொழில்முறை லீகான என்எஃப்எல், இளம் ஆட்டக்காரர்களை அளந்து பார்க்க ஆண்டுதோறும் ஒரு முகாம் நடத்துகிறது. 2017 முகாமில் 40 கெஜ ஓட்டத்தை கப் 4.62 விநாடியில் முடித்தார். வைட் ரிசீவருக்கு அது மந்தம். பின்னே எப்படி இவ்வளவு சேர்ந்தது? பந்து கைக்கு வருவதற்கு முந்தைய இரண்டரை, மூன்று விநாடிகளிலேயே ரிசீவரின் வேலையில் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. அந்த விநாடிகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் 6,464 எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும்.

முதலில் ஆட்டம்

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்பது நாம் காலால் உதைக்கும் பந்தாட்டத்தை அல்ல. இரு முனையும் கூர்ந்த தோல் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் ஆட்டம். மைதானம் 100 கெஜ நீளம், 53⅓ கெஜ அகலம். இரு கடைசியிலும் 10 கெஜ ஆழத்துக்கு ‘எண்ட் ஸோன்’. ஜவுளிக்கடையில் அளக்கும் அதே கெஜம்தான், மூன்றடி. கிரிக்கெட் பிட்ச் 22 கெஜம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் தூரங்கள் பிடிபடும்.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து கையில் உள்ள அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடி புதிதாக நான்கு. இந்த வாய்ப்புக்குப் பெயர் ‘டவுன்’. பந்தோடு எண்ட் ஸோனைத் தொட்டால், அல்லது அதற்குள் நின்று பந்தைப் பிடித்தால் டச்டவுன், 6 புள்ளி. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவர் எறிவதைப் பிடிக்கவென்றே, மற்றவர்களிடமிருந்து இடைவெளி விட்டு ஓரத்தில் நிற்பவர் வைட் ரிசீவர். அவரை மறித்து ஓடுபவர்கள் எதிரணியின் கார்னர்பேக்குகளும் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் சேஃப்டிகளும்.

கெஜக் கணக்கில் புதியவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ரிசீவரின் கெஜம் அவர் ஓடிய தூரமும் அல்ல, பந்து பறந்த தூரமும் அல்ல. அந்த டவுன் தொடங்கிய கோட்டிலிருந்து, பந்தைப் பிடித்தவர் கடைசியாக வீழ்த்தப்பட்ட இடம் வரை நேர்க்கோட்டில் அளப்பார்கள். கோட்டிலிருந்து 5 கெஜத்தில் பிடித்து இன்னும் 20 ஓடினால் 25. கோட்டுக்குப் பின்னால் பிடித்து அங்கேயே விழுந்தால் மைனஸ். பந்து பறந்து வந்து விரலில் பட்டு விழுந்தால் பூஜ்யம், கேட்சும் கிடையாது. பிரமாதமாகப் பிடித்து 60 கெஜம் ஓடியபின், சொந்த அணி ஆள் ஒருவர் தொடக்கத்திலேயே எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்ததற்காக நடுவர் கொடியை எறிந்திருந்தால், அந்தக் கேட்சும் கணக்கிலிருந்து போய்விடும்.

நிற்கும் இடம்

விதிப்படி தாக்கும் அணியில் குறைந்தது ஏழு பேர் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். அந்த வரிசையின் இரு கடைசியில் நிற்பவர்களுக்கும், வரிசைக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும்தான் பந்தைப் பிடிக்கும் உரிமை. நடுவில் உள்ள ஐந்து மலைமனிதர்கள் 50 முதல் 79 வரையிலான எண் அணிந்து, குவார்ட்டர்பேக்குக்கு அரணாக நிற்பதோடு சரி. கோட்டின் மேலேயே கடைசியில் நிற்கும் ரிசீவரைப் பயிற்சியாளர்கள் ‘எக்ஸ்’ என்பார்கள். மறுபக்கம் ஒரு கெஜம் பின்தள்ளி நிற்பவர் ‘இசட்’. ஓரத்துக்கும் நடுவரிசைக்கும் இடைப்பட்ட சந்தில் நிற்பவர் ‘ஸ்லாட்’ ரிசீவர்.

ஒரு கெஜம் பின்தள்ளுவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். எக்ஸ் கோட்டிலேயே நிற்பதால், எதிரில் உள்ள கார்னர்பேக் மூக்குக்கு மூக்கு நின்று, பந்து அசைந்த கணமே நெஞ்சில் கை வைத்துத் தள்ளலாம். இதற்குப் பெயர் ‘பிரெஸ்’. இசட்டுக்கும் ஸ்லாட்டுக்கும் அந்த ஒரு கெஜம் மூச்சுவிட இடம் தருகிறது. பந்து அசையுமுன் பக்கவாட்டில் நகரவும் அவர்களுக்கு வசதி. ஸ்லாட்டுக்குக் கூடுதலாக ஒரு வரம்: ஓரக்கோடு தொலைவில் இருப்பதால் உள்ளேயும் வெட்டலாம், வெளியேயும் வெட்டலாம். காக்க வந்தவர் இரண்டையும் அஞ்ச வேண்டும். கப் ஓரத்திலும் ஆடுவார். ஆனால் அவருடைய மூளைக்கு ஏற்ற இடம் இந்தச் சந்துதான். புதிய ரிசீவர்கள் இங்கே அடிக்கடி செய்யும் பிழை, இசட்டாக நிற்க வேண்டியவர் கவனமின்றிக் கோட்டில் ஏறி நின்றுவிடுவது. அப்போது அதே பக்கம் உள்ளே நிற்பவர் வரிசையின் கடைசி ஆள் இல்லை என்றாகி, பந்து பிடிக்கும் உரிமையை இழக்கிறார். அவர் பாஸுக்காக முன்னே ஓடினால் கொடி விழும்.

கல்லூரி மைதானத்துக்கே உரிய ஒரு விஷயம்: ஒவ்வொரு டவுன் தொடக்கத்திலும் பந்தை வைக்கும் இடத்தைக் குறிக்கும் ‘ஹாஷ்’ கோடுகள் கல்லூரியில் 40 அடி இடைவெளியில் உள்ளன, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். மைதான அகலம் 160 அடி. ஆகவே கல்லூரியில் பந்து ஹாஷில் இருக்கும்போது ஒரு பக்கம் 60 அடி, மறு பக்கம் 100 அடி. அகன்ற பக்கத்தில் நிற்கும் ரிசீவருக்கு மேய்ச்சல் நிலம் போல இடம் கிடக்கும். காப்பவர்களுக்கு அதை மூட ஆள் போதாது. கல்லூரி எண்கள் பெருத்துத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

ரூட்

ரிசீவர் ஓடும் பாதைக்கு ‘ரூட்’ என்று பெயர். தோன்றியபடி ஓட முடியாது. எத்தனை கெஜத்தில், எந்தக் காலை ஊன்றி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமான ஒன்று. குவார்ட்டர்பேக் பின்வாங்கும் அடிகளோடு அது தாளம்போல இணைந்திருக்கும். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டிருக்க வேண்டும் என்பதுதான் பாஸ் ஆட்டத்தின் அடிப்படை. திரும்பியபின் எறிந்தால், காப்பவருக்கும் சேர்த்துத் தகவல் சொல்லியாயிற்று.

பாதைகளுக்கு 1 முதல் 9 வரை எண் கொடுப்பது பழைய வழக்கம். ஒற்றைப்படை எண்கள் பெரும்பாலும் ஓரக்கோட்டை நோக்கி, இரட்டைப்படை மைதான நடுவை நோக்கி. 2 என்றால் ‘ஸ்லான்ட்’: மூன்று அடி நேராக எடுத்து வைத்து, வெளிக்காலை ஊன்றி, சாய்கோணத்தில் உள்ளே வெட்டுவது. 4 என்றால் ‘கர்ல்’: 12 கெஜம் போய் நின்று, திரும்பி, பந்தை நோக்கி 10 வரை இறங்கி வருவது. 5 ‘அவுட்’, 6 ‘டிக்’: பத்து, பன்னிரண்டு கெஜத்தில் செங்குத்தாக வெளியே அல்லது உள்ளே திரும்புவது. 7 ‘கார்னர்’, 8 ‘போஸ்ட்’: அதே ஆழத்தில் மைதான மூலையை அல்லது கோல்கம்பத்தைப் பார்த்துச் சாய்வது. 9 ‘கோ’: எங்கும் திரும்பாமல் ஒரே ஓட்டம். ஆழங்கள் அணிக்கு அணி ஓரிரு கெஜம் மாறும். அணிக்குள் மாறவே கூடாது.

இந்த வரைபடத்தைப் பார்த்தால் மனப்பாடம் செய்துவிடலாம் போலத்தான் இருக்கும். கஷ்டம் எங்கே என்றால், 9, 8, 7, 6, 4 எல்லாமே முதல் பத்து கெஜத்துக்கு ஒன்றுபோலத் தெரிய வேண்டும். கார்னர்பேக் பின்னோக்கி ஓடிக்கொண்டே ரிசீவரின் இடுப்பையும் தோளையும் பார்க்கிறார். திரும்பப் போகும் ரிசீவர் இரண்டு அடி முன்னதாகவே வேகத்தைக் குறைத்தாலோ, உடம்பை நிமிர்த்தினாலோ சேதி போய்விட்டது. நல்ல ரூட் ஓட்டக்காரர் ‘கோ’ ஓடுவதுபோல முழு வேகத்தில் முட்ட வருகிறார். காப்பவர் பயந்து இடுப்பைத் திருப்பி ஓடத் தொடங்கும் அந்த நொடியில் பின்புறத்தைத் தாழ்த்தி, ஒன்று அல்லது இரண்டு அடிகளில் நின்று வெட்டுகிறார். 40 கெஜத்தை 4.4 விநாடியில் ஓடுபவரைவிட, மூன்று அடியில் நிற்கத் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு அதிகம். அதே முகாமில் மூன்று கூம்புகளை ஐந்தைந்து கெஜ இடைவெளியில் வைத்து வளைந்து ஓடச் சொல்லும் சோதனை உண்டு. கப் அதை 6.75 விநாடியில் முடித்தார். நேர் ஓட்டத்தில் பின்தங்கியவர், திரும்பும் ஓட்டத்தில் நல்ல வரிசையில் இருந்தார். கல்லூரியில் நான்கு ஆண்டுகள் சேர்ந்த கெஜங்களின் விளக்கம் 4.62இல் கிடைக்காது, இந்த 6.75இல் கிடைக்கும்.

தவறுகள் எப்படி வரும் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ‘அவுட்’ ரூட்டில் செங்குத்தாக வெட்டாமல் வட்டமாகச் சுற்றினால் காப்பவருக்கு ஒரு முழு அடி லாபம்; அவர் குறுக்கே பாய்ந்து பந்தை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடிவிடுவார், அதுவும் பெரும்பாலும் யாரும் துரத்த முடியாத ஓரத்தில். ‘கர்ல்’ ரூட்டில் திரும்பியபின் நின்ற இடத்திலேயே காத்திருந்தால், பின்னாலிருந்து வரும் கை பந்தைத் தட்டிவிடும். பந்தை நோக்கி வந்தே ஆக வேண்டும். ‘டிக்’ ரூட்டில் வெட்டியபின் மேல்நோக்கி நழுவினால் பந்து முதுகுக்குப் பின்னால் போகும், பழி குவார்ட்டர்பேக் மேல் விழும். தொலைக்காட்சியில் ‘மோசமான எறி’ என்று தெரியும் பலவற்றில் உண்மையான குற்றவாளி ரிசீவரின் கால்தான்.

இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. காப்பு இரண்டு வகை: ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு ஓடுவது ‘மேன்’, ஆளை விட்டு இடத்தைக் காப்பது ‘ஸோன்’. சில ரூட்டுகளில் எந்தப் பக்கம் திரும்புவது என்பதை ஓடிக்கொண்டே ரிசீவர் தீர்மானிக்கலாம். காப்பவர் உள்பக்கம் நின்றால் வெளியே வெட்டு. வெளிப்பக்கம் நின்றால் உள்ளே. ஸோன் என்று தெரிந்தால் இரண்டு ஆள்களுக்கு நடுவே காலி இடத்தில் உட்கார். குவார்ட்டர்பேக்கும் அதே காட்சியைப் பார்த்து அதே முடிவுக்கு வர வேண்டும். இருவரில் ஒருவர் ‘மேன்’ என்றும் மற்றவர் ‘ஸோன்’ என்றும் படித்தால் பந்து ஆளில்லாத இடத்துக்குப் போகும். கப்பின் பெயர் நிலைத்தது இந்தப் படிப்பில்தான். அவருடைய தந்தை கிரெய்க் கப் என்எஃப்எல் வரை போன குவார்ட்டர்பேக். தாத்தா ஜேக் கப் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்கு வரிசை நடுவில் நின்ற கார்டு. வீட்டில் சாப்பாட்டு மேசையில் என்ன பேச்சு ஓடியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கை

பந்து நெஞ்சுக்கு மேலே வந்தால் இரு கட்டைவிரல்களும் சேர்ந்திருக்க வேண்டும். கட்டைவிரல்களுக்கும் சுட்டுவிரல்களுக்கும் நடுவே தெரியும் வைர வடிவ ஓட்டைக்குள் பந்தின் மூக்கைப் பார்ப்பது பாலபாடம். இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேர வேண்டும். கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டிப் பிடிக்க வேண்டும். நெஞ்சில் அணைத்துப் பிடித்தால் தோள்கவசத்தின் கடினத்தில் பந்து எகிறும். கவசம் போட்டுப் பழகாத புதியவர்களின் பெரும்பாலான நழுவல்கள் இப்படித்தான். அடுத்த பெரிய காரணம் அவசரம்: பந்து கையில் பதியுமுன் கண் அடுத்த காப்பவரைத் தேடப் போய்விடும். கண், பந்தின் பின்முனை அக்குளுக்குள் மறையும்வரை கூட வர வேண்டும். பிடித்தபின் விரல்கள் முன்முனையை மூட, பந்து முன்கையிலும் மேற்கையிலும் விலாவிலும் அழுந்தி இருந்தால்தான் யாராவது குத்தினாலும் சிதறாது.

கல்லூரி விதியில் எல்லைக்குள் ஒரு கால் பட்டாலே கேட்ச். என்எஃப்எல்லில் இரண்டு கால் பட வேண்டும். மாறாக, கல்லூரியில் பந்தோடு முழங்கால் தரையில் பட்டுவிட்டால், எதிராளி யாரும் தொடாவிட்டாலும் அந்த டவுன் அங்கேயே முடிந்தது. என்எஃப்எல்லில் யாரும் தொடாதவரை எழுந்து ஓடலாம். முதல் விதி கேட்சைக் கூட்டும், இரண்டாவது கெஜத்தைக் குறைக்கும்.

நான்கு சீசன்

யாக்கிமா, வாஷிங்டன் மாநிலத்தின் நடுப்பகுதியில் உள்ள ஆப்பிள் விளையும் ஊர். அங்கே டேவிஸ் உயர்நிலைப் பள்ளியில் ஆடிய கப்புக்கு உதவித்தொகையோடு இடம் தர முன்வந்த கல்லூரிகள் இரண்டே இரண்டு: கிழக்கு வாஷிங்டன், ஐடஹோ ஸ்டேட். இரண்டுமே எஃப்சிஎஸ். பெரிய கல்லூரிகள் எட்டிப் பார்க்கவில்லை. அவர் ஸ்போகேன் நகரை அடுத்த செனி என்ற சிற்றூருக்குப் போனார். கிழக்கு வாஷிங்டனின் மைதானம் அங்கே இருக்கிறது. செயற்கைப் புல் முழுக்க சிவப்பு. தொலைக்காட்சியில் முதல்முறை பார்ப்பவர்கள் வண்ணம் கெட்டுவிட்டதோ என்று ரிமோட்டைத் தேடுவார்கள்.

2012இல் அவர் ஆடவில்லை. ‘ரெட்ஷர்ட்’ ஏற்பாடு அது: கல்லூரி ஆட்டக்காரருக்கு ஐந்து ஆண்டுக் கெடு, அதற்குள் நான்கு சீசன். முதல் ஆண்டை உடம்பு தேற்றவும் ஆட்டத் திட்டம் படிக்கவும் ஒதுக்கிவிட்டு, நான்கையும் முதிர்ச்சியோடு ஆடலாம். சாதனைக் கணக்குகளைப் பார்க்கும்போது ஒருவர் 18 வயதில் தொடங்கினாரா 20 வயதிலா என்று கவனிப்பது நல்லது. கப் முதல் ஆட்டம் ஆடும்போது வயது 20.

அந்த முதல் ஆட்டமே 2013இல் பெரிய அடுக்கைச் சேர்ந்த ஓரிகன் ஸ்டேட்டுக்கு எதிராக, அவர்கள் ஊரில். 5 கேட்ச், 119 கெஜம், 2 டச்டவுன். சிறிய கல்லூரி 49-46 என வென்றது. சீசன் முடிவில் 93 கேட்ச், 1,691 கெஜம், 21 டச்டவுன். எஃப்சிஎஸ்ஸின் சிறந்த முதலாண்டு ஆட்டக்காரருக்கான ஜெரி ரைஸ் விருது கிடைத்தது. விருதுக்குப் பெயர் தந்த ரைஸும் மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் சாதனை படைத்து, பிறகு என்எஃப்எல் ரிசீவர்களின் வாழ்நாள் கெஜக் கணக்கில் உச்சியில் போய் உட்கார்ந்தவர்.

2014இல் 104 கேட்ச், 1,431 கெஜம், 16 டச்டவுன். 2015இல் 114, 1,642, 19. மூன்றாவது சீசனை உற்றுப் பார்க்க வேண்டும். அணி 6 வெற்றி 5 தோல்வி என்று தடுமாறியது, பிளேஆஃப் இல்லை, ஆகவே 11 ஆட்டம்தான். ஆட்டத்துக்குச் சராசரி 149 கெஜம். மொத்தத்தைப் பார்த்தால் 2013ஐவிடக் குறைவு. உண்மையில் அவருடைய நான்கு சீசனிலும் தடிப்பானது இதுதான். எஃப்சிஎஸ்ஸின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரருக்கான வால்டர் பேட்டன் விருது அந்த ஆண்டு அவருக்குப் போனது. என்எஃப்எல்லுக்குக் கிளம்பியிருக்கலாம், தங்கினார். 2016இல் 117 கேட்ச், 1,700 கெஜம், 17 டச்டவுன். அணி அரையிறுதி வரை போய் யங்ஸ்டவுன் ஸ்டேட்டிடம் 40-38 என்று தோற்றது.

இந்த நான்கு சீசனில் அவருக்கு எறிந்த முக்கியக் குவார்ட்டர்பேக்குகள் மூவர். முதல் இரண்டு ஆண்டு வெர்னன் ஆடம்ஸ். மூன்றாம் ஆண்டு ஆடம்ஸ் பெரிய கல்லூரியான ஓரிகனுக்கு மாறிப் போனார். ஜோர்டன் வெஸ்ட் வந்தார். 2015 தொடக்க ஆட்டமே ஓரிகனுக்கு எதிராக. பழைய தோழர் எதிரணியில் நிற்க, கப் 15 கேட்சில் 246 கெஜம், 3 டச்டவுன் எடுத்தார், 61-42 என்று தோற்றாலும். நான்காம் ஆண்டு கேஜ் குப்ரட், அந்த ஒரே சீசனில் 5,160 கெஜம் எறிந்தவர். எறிபவர் மாறினாலும் பிடிப்பவரின் எண் ஆடாமல் இருந்தால், அந்த எண்ணில் பெரும்பங்கு பிடிப்பவருடையது என்று துணிந்து சொல்லலாம்.

எண்ணைச் சந்தேகிப்பது

எஃப்சிஎஸ் சாதனை என்றதும் “எதிரில் யார் நின்றார்கள்?” என்ற கேள்வி வரும், வரவும் வேண்டும். கப் ஆடிய காலத்தில் பெரிய அடுக்கான எஃப்பிஎஸ் கல்லூரி 85 பேருக்கு முழு உதவித்தொகை தரலாம். எஃப்சிஎஸ்ஸில் 63 பேருக்கு ஈடான தொகை, அதையும் பங்கு போட்டுத் தரலாம். ஆள்பலத்தில் அந்த வித்தியாசம் தெரியும். கப்பின் விஷயத்தில் இதைச் சோதிக்க நான்கு ஆட்டங்கள் உள்ளன. அப்போது மேற்குக்கரையின் பெரிய கூட்டமைப்பாக இருந்த பேக்-12இன் அணிகளை ஆண்டுக்கு ஒன்றாகச் சந்தித்தார்: ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் (8 கேட்ச், 145 கெஜம், 3 டச்டவுன்), ஓரிகன், வாஷிங்டன் ஸ்டேட் (12, 206, 3). நான்கையும் கூட்டினால் 40 கேட்ச், 716 கெஜம், 11 டச்டவுன். சராசரி 179 கெஜம். அவருடைய 52 ஆட்டங்களின் ஒட்டுமொத்தச் சராசரியோ 124தான். எதிராளி பலமானபோது அவர் எண் ஏறியிருக்கிறது. நான்கு ஆட்டம் சிறிய மாதிரிதான்; பின்தங்கிய அணி அதிகம் எறியும் என்பதும் இதில் கலந்திருக்கிறது. ஆனாலும் ‘சின்ன மைதானத்துச் சிங்கம்’ என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடைக்காது.

அடுத்த சந்தேகம், ஆட்டங்களின் எண்ணிக்கை. எஃப்சிஎஸ்ஸில் நாக்அவுட் பிளேஆஃப் உண்டு. ஆழமாகப் போகும் அணி 14, 15 ஆட்டம் ஆடும். பழைய சாதனைகளோடு ஒப்பிடும்போது இன்னொரு சிக்கல்: கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ, பெரிய அடுக்கில் சீசன் முடிந்தபின் நடக்கும் ‘பவுல்’ ஆட்டங்களை 2002இலிருந்துதான் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்க்கிறது. அதற்கு முன் ஆடியவர்கள் பவுலில் பிடித்த கேட்சுகள் கணக்கில் இல்லை. ஆகவே மொத்தத்தைவிட ஆட்டச் சராசரிதான் நேர்மையான அளவு. எஃப்பிஎஸ்ஸில் ஒரே சீசனில் 2,000 கெஜம் தாண்டிய பெயரைத் தேடினால் நெவாடாவின் ட்ரெவர் இன்ஸ்லி, 1999இல் 2,060 கெஜம், அதுவும் 11 ஆட்டத்தில். 2020இல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வென்ற அலபாமாவின் டிவான்டா ஸ்மித் 1,856 கெஜத்துக்கு 13 ஆட்டம் எடுத்துக்கொண்டார். இதை வைத்து இன்ஸ்லி ஸ்மித்தைவிடப் பெரியவர் என்று சொல்லிவிட முடியாது. ஸ்மித்தின் எதிரில் நின்றவர்களில் பலர் பின்னால் என்எஃப்எல்லுக்குப் போனார்கள். சராசரி ஒரு பக்கம், எதிராளி ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

கடிகாரமும் ஒரு பங்காளி. கப்பின் காலத்தில் கல்லூரி ஆட்டத்தில் ஒவ்வொரு முறை 10 கெஜம் தாண்டி புதிய டவுன் கிடைத்ததும் கடிகாரம் சற்று நின்றது. நின்ற கடிகாரம் என்றால் கூடுதல் டவுன்கள், கூடுதல் எறிகள். 2023இலிருந்து ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும்தான் அப்படி நிற்கிறது. இனி வருபவர்கள் 6,464ஐத் துரத்த வேண்டுமானால் குறைந்த வாய்ப்புகளோடு துரத்த வேண்டும்.

கேட்சுக்குச் சராசரி எத்தனை கெஜம் என்பதையும் கேட்க வேண்டும். 6,464ஐ 428ஆல் வகுத்தால் 15.1. கிழக்குக் கரோலினாவின் ஸே ஜோன்ஸ் 399 கேட்சோடு எஃப்பிஎஸ் சாதனை வைத்திருக்கிறார். அதில் 158 ஒரே சீசனில், 2016இல். அதே அடுக்கின் கெஜச் சாதனையோ மேற்கு மிச்சிகனின் கோரி டேவிஸிடம்: 5,278. கேட்ச் அதிகம் உள்ளவரிடம் கெஜச் சாதனை இல்லாததிலிருந்தே தெரியும், குட்டை எறிகளால் கேட்ச் எண்ணிக்கை ஊதும். கோட்டுக்குப் பக்கத்தில் பிடித்து 4 கெஜத்தில் விழுவதும் ஒரு கேட்ச்தான். நானூற்றுக்குமேல் கேட்ச் எடுத்தும் 15க்குக் கீழே இறங்காத சராசரி அரிது. அதற்குக் கூட்டாளிகளும் வேண்டும். கப்போடு ஓடிய கென்ட்ரிக் போர்னும் பின்னர் என்எஃப்எல்லில் ஆடியவர். அவரைத் தனியே விட்டுவிட்டு கப் மேல் இரண்டு ஆளைப் போடுவது எதிரணிக்குக் கட்டுப்படியாகாது.

அடுத்த லீகில்

கல்லூரி ஆட்டக்காரர்களை என்எஃப்எல் அணிகள் முறைபோட்டு எடுக்கும் 2017 தேர்வில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அவரை மூன்றாம் சுற்றில், 69ஆவது ஆளாக எடுத்தது. 4.62ஐப் பார்த்துத் தயங்கிய அணிகள் அவருக்கு முன் பல ரிசீவர்களை எடுத்துவிட்டிருந்தன. 2018இல் இடது முழங்கால் தசைநார் கிழிந்து சீசனின் பாதியை இழந்தார். 2021இல் 145 கேட்ச், 1,947 கெஜம், 16 டச்டவுன்: மூன்றிலும் லீகில் முதலிடம். கேட்சிலும் கெஜத்திலும் என்எஃப்எல் ஒரு-சீசன் சாதனைகள் (மைக்கேல் தாமஸின் 149, கால்வின் ஜான்சனின் 1,964) மயிரிழையில் தப்பின. அந்த ஆண்டுதான் லீக் சீசனை 16 ஆட்டத்திலிருந்து 17 ஆக்கியது. தாமஸும் ஜான்சனும் 16இல் எடுத்ததை கப் 17இல் எட்ட முயன்றார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2022 பிப்ரவரி 13 அன்று சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு எதிரான சூப்பர் பவுல் இறுதியில் ராம்ஸ் 20-16 என்று பின்தங்கியிருந்தது. கடைசி முன்னேற்றத்தில் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்ட் திரும்பத் திரும்ப கப்பையே தேடினார். நான்காவது டவுனில் ஒரு கெஜம் தேவைப்பட்டபோது பந்தை அவர் கையிலேயே கொடுத்து ஓடச் சொன்னார்கள். 7 கெஜம் ஓடினார். அது ஓட்டக் கணக்கில் போகும், ரிசீவர் கணக்கில் ஏறாது. 1 நிமிடம் 25 விநாடி மிச்சமிருக்கையில் எண்ட் ஸோனின் ஓரத்தில் ஆட்டத்தை வென்று தந்த டச்டவுனைப் பிடித்தார். 23-20. ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. அந்தக் கடைசி கேட்சுக்கு ஏட்டில் எழுதிய தூரம் ஒரு கெஜம்.